ஒருசந்தியும் பிடி அரிசியும்: வீட்டில் தவக்காலம் கடைப்பிடிக்கும் முறை

ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் தவக்காலம், எங்கள் வீட்டில் ஓர் எவர்சில்வர் தூக்கிலிருந்து தொடங்குகிறது. தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அதைப் பரணிலிருந்து இறக்கி, தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைப்பேன். இரண்டு படி அரிசி கொள்ளும். மூடியில் என் மாமியாரின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. நான் புதுச்சேரி நெல்லித்தோப்புக்கு வாழ வந்த புதிதில், தவக்காலம் என்றால் கறி சாப்பிடாத நாற்பது நாள் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தத் தூக்கைக் கையில் கொடுத்து எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கடலூரிலிருந்து எனக்கு மருமகள் வந்தாள். ஆற்காடு லுத்தரன் திருச்சபைக் குடும்பம். நாங்கள் தவக்காலம் என்பதை அவர்கள் லெந்து நாட்கள் என்பார்கள். "அத்தை, இந்த வீட்டில் என்னென்ன செய்வீர்கள், எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டாள். அப்போது நோட்டில் எழுதிக் கொடுத்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கு. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர் என்னும் உயிர்ப்புப் பெருவிழா. அதனால்தான் ஆண்டுதோறும் தேதி மாறுகிறது. பெரும்பாலும் பங்குனி உத்திரத்தை ஒட்டியே வரும். அதிலிருந்து 46 நாள் பின்னால் எண்ணினால் திருநீற்றுப் புதன். இடையில் வரும் ஆறு ஞாயிறுகள் ஆண்டவரின் உயிர்ப்பைக் கொண்டாடும் நாட்கள் என்பதால் நோன்பில் சேராது. அவற்றைக் கழித்தால் நாற்பது. 2027இல் பிப்ரவரி 10 திருநீற்றுப் புதன், மார்ச் 28 உயிர்ப்பு ஞாயிறு. காலண்டரில் இப்போதே வட்டமிட்டு வையுங்கள். அந்த நாட்களுக்குள் நிச்சயதார்த்தம், புதுமனை புகுவிழா எதையும் வைத்துக்கொண்டு பிறகு திண்டாட வேண்டாம்.

ஏன் நாற்பது? இயேசு பாலைவனத்தில் நாற்பது நாள் நோன்பிருந்தார். சீனாய் மலையில் மோசே இருந்தது நாற்பது நாள், ஒரேபு மலைக்கு எலியா நடந்தது நாற்பது நாள். பழைய திருச்சபையில், உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெறவிருந்தவர்கள் தங்களைத் தயாரித்துக்கொண்ட காலம் இது. அவர்களோடு சேர்ந்து மற்றவர்களும் நோன்பிருந்தார்கள். தவக்காலத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. சோகம் காக்கிற காலம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இது வீட்டுக்கு வெள்ளையடிக்கிற காலம் போல. பொருட்களை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டால்தான் மூலையில் என்ன கிடக்கிறது என்று தெரியும்.

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டால் பாதிப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. சென்ற ஆண்டு, உயிர்ப்புக்கு முந்தின ஞாயிறான குருத்து ஞாயிறன்று கையில் பிடித்துப் போன குருத்தோலைதான் அது. எங்கள் வீட்டில் அதைச் சிலுவையாக மடித்துப் பாடுபட்ட சுரூபத்துக்கு (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்துக்கு)ப் பின்னால் செருகி வைப்போம். ஓராண்டில் அது பொன்னிறமாகி, தொட்டால் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். புதனுக்கு முன்பே கோவிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். ஒரு முறை, கோவில் வேலைகளைக் கவனிக்கும் கோவில்பிள்ளைக்கு உதவியாக நானும் நின்றேன். ஈர்க்கைக் கிழித்து எடுத்துவிட்டு ஓலையை மட்டும் மண்சட்டியில் போட்டுக் கொளுத்தினார். பற்றியதும் படபடவென்று எரிந்து அடங்கிவிட்டது. இரண்டு கோணி ஓலைக்கு ஒரு சொம்பு சாம்பல்கூடத் தேறவில்லை. அதை வெள்ளைத் துணியில் சலித்தார். கறுப்பாக, மை போல விரலில் ஒட்டியது. "மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்" என்று குருவானவர் சொல்லும்போதெல்லாம் அந்தச் சட்டிதான் என் கண்முன் வரும். நெற்றிச் சாம்பலை உடனே துடைக்காதீர்கள். பஸ்ஸில் நான்கு பேர் பார்ப்பார்கள்; பார்க்கட்டும்.

இனி நோன்பு. பழைய ஞானோபதேசத்தில், அதாவது மறைக்கல்விப் புத்தகத்தில், இரண்டு சொற்கள் உண்டு: ஒருசந்தி, சுத்தபோசனம். ஒருசந்தி என்றால் ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு. மற்ற இரண்டு வேளையும் சிறிது உண்ணலாம். ஆனால் அந்த இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சாப்பாடு ஆகிவிடக் கூடாது. சுத்தபோசனம் என்றால் இறைச்சி தவிர்ப்பது. கத்தோலிக்கருக்குத் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி (புனித வெள்ளி) இரண்டு நாளும் ஒருசந்தியும் சுத்தபோசனமும் கடமை. தவக்காலத்தின் மற்ற வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் மட்டும். ஒருசந்தி 18 வயது நிறைந்ததிலிருந்து 59 வயது நிறையும் வரை. சுத்தபோசனம் 14 வயது நிறைந்த எல்லோருக்கும். திருச்சபையின் மிக உயர்ந்த நிலைத் திருநாளான பெருவிழா ஒன்று வெள்ளியன்று வந்தால் அன்றைக்குச் சுத்தபோசனக் கடமை இல்லை. 2027இல் புனித சூசையப்பர் பெருவிழாவான மார்ச் 19 அப்படித்தான் வெள்ளியில் விழுகிறது.

என் அடுக்களையில் ஒருசந்தி நாள் இப்படிப் போகும். காலையில் பால் சேர்க்காத காபி, ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ். மதியம் சோறு, முருங்கைக்கீரை போட்ட சாம்பார், ரசம், மோர். அப்பளம், வறுவல் கிடையாது. இரவு ஓர் இட்லி. பசிக்கும். மாலை நான்கு மணிக்குத் தலை லேசாகக் கனக்கும். அந்த நேரத்தில் டிவி முன்னால் உட்காராமல் ஒரு சங்கீதம் எடுத்து வாசியுங்கள்; ஐம்பத்தோராவது சங்கீதம் எனக்குப் பழக்கமானது.

மீன் பற்றி ஒரு வார்த்தை. திருச்சபைச் சட்டப்படி வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடலாம். கடலோர ஊர்க்காரர்களான நமக்கு இது வசதியாகப் போய்விட்டது. கறி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வஞ்சிரம் விலை பேசி வாங்கி, இஞ்சி பூண்டு அரைத்துத் தடவி வறுத்துச் சாப்பிட்டால் அன்றைக்கு எதைத் துறந்தோம்? நான் வெள்ளிக்கிழமைகளில் கவுச்சியையே அடுக்களையில் சேர்ப்பதில்லை. யாரையும் வற்புறுத்தவும் மாட்டேன். ஆனால் தவக்காலச் சாப்பாட்டுக்கு மற்ற நாளைவிட அதிகச் செலவு ஆனால் எங்கோ தடம் மாறிவிட்டோம் என்று பொருள்.

நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், உடலுழைப்பில் இருப்பவர்கள் ஒருசந்தி இருக்க வேண்டியதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் கணவருக்குச் சர்க்கரை நோய். ஒரு பெரிய வெள்ளியன்று என்னிடம் சொல்லாமல், வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, எதுவும் சாப்பிடாமல், இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளில் நினைத்துச் செபிக்கும் சிலுவைப்பாதைக்கு வந்துவிட்டார். பாதி வழியில் சட்டை தொப்பலாக நனைந்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. பக்கத்தில் நின்ற பெண் தன் பிள்ளைக்கு வைத்திருந்த சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துத்தான் தெளிந்தார். கடவுள் கேட்காததைக் கொடுக்கப் போய் உயிரைப் பணயம் வைக்காதீர்கள். அவர் இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறார். அதற்குப் பதில் நாற்பது நாளும் வெற்றிலை பாக்கைத் தொடுவதில்லை. அவருக்கு அது பட்டினியைவிடக் கடினம்.

இப்போது தூக்குக்கு வருகிறேன். தவக்காலத்துக்கு மூன்று கால்கள்: செபம், நோன்பு, தர்மம். மலைப்பொழிவில் இயேசு மூன்றையும் சேர்த்தே சொல்கிறார். நாம் நோன்போடு நின்றுவிடுகிறோம். சாப்பிடாமல் மிச்சம் பிடித்த அரிசி நம் பானையிலேயே இருந்தால் அதற்குப் பெயர் சிக்கனம். நோன்பு நாளில் உண்ணாமல் விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டு விதவைக்கும் அநாதைக்கும் கொடு என்று இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்து ஒன்றிலேயே இருக்கிறது. பசித்தவனோடு உன் உணவைப் பகிர்வதே நான் விரும்பும் நோன்பு என்று அதற்கும் பல நூற்றாண்டு முன்பே எசாயா ஆகமத்தின் 58ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லிவிட்டார்.

பிடி அரிசி எடுப்பதற்கு என் மாமியார் வைத்திருந்த முறை ஒன்று உண்டு. உலைக்கு வேண்டிய அரிசியை முதலில் வழக்கம்போல ஆழாக்கால் அளந்து முறத்தில் கொட்ட வேண்டும். பிறகு அந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளித் தூக்கில் போட வேண்டும். மூட்டையிலிருந்து நேராக ஒரு பிடி எடுத்துப் போடக் கூடாது. நான் முதல் நாள் அப்படித்தான் செய்தேன். என் கையைப் பிடித்து நிறுத்தி, "மூட்டையில் எடுத்தால் மூட்டைக்குத்தான் குறையும், நம் சட்டியில் குறைய வேண்டும்" என்றார். அப்படியே செய்து பாருங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு பிடி குறைந்தால் கடைசியில் சாப்பிடுகிறவருக்கு இரண்டு கவளம் குறையும். அந்த வீட்டில் கடைசியில் சாப்பிட்டவர் அவரே.

நாற்பது நாளில் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே சேரும். வண்டு விழாமல் இருக்க நான்கைந்து காய்ந்த மிளகாயும் ஒரு துண்டு வசம்பும் போட்டு வையுங்கள். நாம் சாப்பிடுகிற அரிசியாகவே இருக்கட்டும். வீட்டுக்குப் பொன்னியும் தூக்குக்கு மட்ட ரக அரிசியும் வேண்டாம். அதோடு, வெள்ளிக்கிழமை வாங்காமல் விட்ட கறியின் பணத்தை ஒரு கவரில் போட்டு வைப்பேன். உயிர்ப்புக்கு முந்தின பெரிய வாரத்தில் அதற்குப் பருப்பும் எண்ணெயும் வாங்கி, அரிசியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவோம். யாருக்கு என்பதை எழுத மாட்டேன். இருட்டிய பிறகு போங்கள், தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். வாங்குகிறவருக்கும் ஒரு வாசல் இருக்கிறது, பக்கத்து வீடு இருக்கிறது.

வெள்ளி மாலையில் சிலுவைப்பாதை. கோவிலுக்குப் போக முடியாதவர்கள் வீட்டிலேயே செய்யலாம்: பதினான்கு சிறு காகிதங்களில் நிலைகளின் பெயரை எழுதி, கூடத்திலிருந்து அடுக்களை வரை ஒட்டி, ஒவ்வொன்றின் முன்னும் முழந்தாளிட்டு ஒரு பரலோக மந்திரம் சொன்னால் போதும். முதல் ஆண்டில், வெரோணிக்கா இயேசுவின் முகத்தைத் துடைக்கும் ஆறாம் நிலையில் என் மருமகள் தயங்கி நின்றாள். "சுவிசேஷத்தில் வெரோணிக்கா இல்லையே அத்தை." இல்லைதான். மரபு வழியில் வந்தவர் என்று சொன்னேன். அத்தனை போர்ச்சேவகர்களுக்கு நடுவில் ஒரு துணியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்த பெண்ணாக அவளை நினைத்துக்கொள், உனக்கு மனம் ஒப்பினால் முழந்தாளிடு என்றேன். அன்றைக்கு நின்றபடியே செபித்தாள். பெரிய வெள்ளியன்று அவர்கள் வழக்கப்படி, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை அவள் வாசிக்க, நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். இப்போது இரண்டும் எங்கள் வீட்டு வழக்கம்.

குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தைக் கடைசி நாள் கூட்டத்துக்கு விடாமல் மூன்றாம் நான்காம் வாரத்திலேயே செய்துவிடுங்கள். அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கும். எனக்கு இருந்தது. அம்மாவின் அட்டிகை காரணமாக நானும் என் தங்கையும் நான்கு ஆண்டுகள் பேசவில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு சமாதானமாகு என்ற வசனத்தை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்த ஞாயிறு, மதியச் சாப்பாடு இறங்கவில்லை. மாலையே பஸ் ஏறி அரியாங்குப்பம் போனேன். கதவைத் திறந்தவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் காபிக்குத் தண்ணீர் வைத்தாள். அட்டிகை பற்றி இருவரும் பேசவில்லை.

பெரிய வாரத்தில் கோவில் நேரங்களை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் மாலை பாதம் கழுவும் சடங்கு முடிந்து, பூசையில் அர்ச்சித்த அப்பமான நற்கருணையை வேறு பீடத்துக்கு எடுத்துச் சென்ற பின் நள்ளிரவு வரை ஆராதனை இருக்கும். அன்றிரவு நாங்கள் ரயில் நிலையத்தின் அருகே இருக்கும் இருதய ஆண்டவர் பசிலிக்கா, மிஷன் வீதி சம்பா கோவில், துய்மா வீதி கப்ஸ் கோவில் என்று நடந்தே போய் ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவோம். செருப்பு பழையதாக இருக்கட்டும். தண்ணீர் பாட்டில் ஒன்று போதும். வெள்ளியன்று பூசை கிடையாது, மணி அடிக்காது. மரக்கட்டையைத் தட்டும் சத்தம்தான் கேட்கும். திருச்சிலுவையை முத்தமிடும் வரிசை நீளும், முதியவர்களை முன்னால் விடுங்கள். சனி இரவு பாஸ்கா திருவிழிப்புக்குப் பிள்ளைகளை மதியமே தூங்க வைத்து எழுப்பிக் கூட்டிப் போங்கள். நாற்பது நாளாகப் பாடாமல் இருந்த அல்லேலூயாவை அந்த இருட்டில் அவர்கள் கேட்க வேண்டும்.

உயிர்ப்புத் திங்களன்று காலித் தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன், மறுபடி பரணுக்கு அனுப்புவதற்காக. சென்ற ஆண்டு மருமகள் அதை எடுத்து அரிசி டப்பாவின் பக்கத்திலேயே வைத்தாள். "வெள்ளிக்கிழமை மட்டுமாவது போடலாம் அத்தை" என்றாள். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.