மேற்கு ஆப்பிரிக்க முன்கள வீரரின் ஆட்ட வாழ்க்கையை எழுதுவது எப்படி

ஐரோப்பாவில் பெயர் பெற்ற ஆப்பிரிக்கக் கால்பந்து முன்கள வீரர் ஒருவரைப் பற்றித் தமிழில் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் அவர் புகழடைந்த கிளப்பிலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகள் "வறுமையில் பிறந்து வளர்ந்தார்" என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடும். அந்த வரியும் பல நேரங்களில் சரிபார்க்கப்படாததாகவே இருக்கும். என் அனுபவத்தில் ஒரு முன்கள வீரரின் கதை அவர் கோல் அடிக்காத ஆண்டுகளில்தான் தொடங்குகிறது. எனவே குறிப்பு எழுதும்போது அந்த ஆண்டுகளை முதலில் தேடிப் பிடியுங்கள். கோட் டிவார் (ஐவரி கோஸ்ட்) நாட்டின் டிடியே ட்ரோக்பாவை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, எழுதும் முறையை இங்கே சொல்கிறேன்.

முதலில் நாடு. சாமுவேல் எட்டோ கேமரூன்காரர், பியர்-எமெரிக் ஔபமெயாங் காபோன் அணிக்கு ஆடியவர். இரண்டும் மத்திய ஆப்பிரிக்க நாடுகள். மேற்கு ஆப்பிரிக்கா என்று தலைப்பிட்டுவிட்டு இவர்களைச் சேர்த்தால் அதை வாசகர் உடனே சுட்டிக்காட்டுவார். அடுத்து பெயர். ட்ரோக்பா பிரெஞ்சு பேசும் நாட்டவர் என்பதால், ஆங்கில எழுத்தைப் பார்த்து "டிடியர்" என்று எழுதுவதைவிட "டிடியே" என்பதே ஒலிப்புக்கு நெருக்கமானது. கானா வீரர்களின் பெயர்களில் வேறொரு நுட்பம் இருக்கிறது: அக்கான் மக்கள் பிறந்த கிழமையை வைத்துப் பெயரிடுவதால், கோஃபி என்றால் வெள்ளிக்கிழமையும் குவாமே என்றால் சனிக்கிழமையும் பிறந்த ஆண் என்று பொருள். ஆகவே இரண்டு வீரர்களுக்கு ஒரே பெயர் இருப்பதைக் கண்டு உறவினர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நாட்டின் பெயரைப் பொறுத்தவரை, அதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று அந்நாட்டு அரசு 1980-களிலேயே கேட்டுக்கொண்டுவிட்டதால், ஐவரி கோஸ்ட் என்பதை முதல் முறை மட்டும் சொல்லிவிட்டு, பிறகு கோட் டிவார் என்றே எழுதுவது நல்லது.

இனி ஆரம்ப ஆண்டுகள். ட்ரோக்பா 1978 மார்ச் 11 அன்று அபிஜானில் பிறந்தார். ஐந்து வயதில், பிரான்ஸில் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்த தாய்மாமனிடமோ சித்தப்பாவிடமோ அனுப்பப்பட்டார் என்று ஊகித்து எழுதாமல், உறவு உறுதியாகத் தெரியாதபோது "உறவினரான மிஷேல் கோபாவிடம்" என்று எழுதினாலே போதும். ஆங்கிலச் சொல் ஒன்றே பல உறவுகளைக் குறிப்பதால் தமிழில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். சில ஆண்டுகளில் ஊர் திரும்பிய ட்ரோக்பா மீண்டும் பிரான்ஸ் சென்றார். இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய லெ மான் கிளப்புடன் தொழில்முறை ஒப்பந்தம் செய்தபோது அவருக்கு 21 வயது. அங்கே 64 லீக் ஆட்டங்களில் அவர் அடித்தவை 12 கோல்கள் மட்டுமே. காயங்களும் அவரை வாட்டின. 2002 ஜனவரியில் கெங்கம் கிளப்புக்கு மாறிய பிறகுதான் பிரான்ஸின் முதல் நிலை லீக்கில் கால் வைத்தார். 2002-03 சீசனில் அங்கே 17 லீக் கோல்கள், மறு ஆண்டு மார்செய்யில் 19 கோல்கள், 2004 ஜூலையில் 24 மில்லியன் பவுண்டுக்கு இங்கிலாந்தின் செல்சி. 26 வயதில் செல்சிக்கு வந்தவரின் முந்தைய ஐந்து ஆண்டுகளை ஒரே பத்தியில் இப்படி வரிசையாக வைத்தாலே, அவர் எவ்வளவு தாமதமாக மலர்ந்தார் என்பதை அடைமொழி எதுவுமில்லாமல் வாசகர் புரிந்துகொள்வார்.

எல்லா வீரர்களும் இந்த வழியில் வரவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நைஜீரியாவின் ரஷிதி யெகினி முதலில் சொந்த நாட்டிலும், பிறகு அபிஜானின் ஆப்பிரிக்கா ஸ்போர்ட்ஸ் கிளப்பிலும் ஆடிய பின்னரே போர்ச்சுகலுக்குப் போனார். லைபீரியாவின் ஜார்ஜ் வியா, மொனாக்கோ செல்லும் முன் கேமரூன் லீக்கில் ஆடியவர். ஆப்பிரிக்க லீக்குகளில் ஆடிய காலத்தின் கோல் கணக்குகள் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாக இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் கிளப்பின் பெயரையும் ஆண்டையும் மட்டும் கொடுத்துவிட்டு எண்ணை விட்டுவிடுவதே நேர்மை.

எண்களில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. லீக் கோல்கள், எல்லாப் போட்டிகளின் கோல்கள், நாட்டு அணிக்கான கோல்கள் ஆகிய மூன்றையும் தனித்தனியாக வையுங்கள். ட்ரோக்பா செல்சிக்காக அடித்த 164 கோல்கள் இரண்டு முறை அங்கே இருந்த காலத்தில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து வந்தவை. லீக்கில் மட்டும் அவை 104. இந்த இரண்டு எண்களும் ஒரே கட்டுரையில் விளக்கமின்றி வந்தால் ஒன்று பொய்யாகத் தெரியும்.

சமநிலையில் முடிந்த ஆட்டத்தைத் தீர்மானிக்கும் பெனால்டி ஷூட் அவுட்டில் அடிக்கும் கோல் வீரரின் கணக்கில் சேராது என்பதை நானே ஒருமுறை மறந்து எழுதி, வாசகர் ஒருவரின் கடிதத்தால் திருத்திக்கொண்டேன். 2012 மே 19 அன்று மியூனிக்கில் செல்சிக்கும் பயர்ன் மியூனிக்குக்கும் இடையே நடந்த, ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தை இதற்குப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். 83-ஆவது நிமிடத்தில் பயர்ன் மியூனிக்கின் தாமஸ் முல்லர் கோல் அடித்துவிட்டார். 88-ஆவது நிமிடத்தில் ஹுவான் மாட்டா அடித்த கார்னரை, அருகிலிருந்த கம்பத்தை நோக்கி ஓடிவந்த ட்ரோக்பா தலையால் முட்டி வலைக்குள் செலுத்தினார். கூடுதல் நேரத்தில் அதே ட்ரோக்பா ரிபேரியைத் தடுக்கி விழச் செய்து எதிரணிக்கு ஒரு பெனால்டியைக் கொடுத்தார். ரொபன் அடித்த அந்தப் பந்தை செல்சி கோல்காப்பாளர் பீட்டர் செக் பிடித்துக் காப்பாற்றினார். இறுதியில் ஷூட் அவுட்டின் வெற்றி உதையையும் அடித்தவர் ட்ரோக்பாவே. இத்தனைக்கும் அன்று அவர் கணக்கில் ஏறியது ஒரே ஒரு கோல். ஆகவே அவருடைய தவறையும் சேர்த்து அந்த மாலையை முழுதாகச் சொல்லுங்கள். வெற்றி உதையை மட்டும் சொன்னால் கதை பாதிதான்.

கானாவின் அசமோவா ஜியானுக்கும் இதே விதி பொருந்தும். 2010 ஜூலை 2 அன்று உருகுவேக்கு எதிரான உலகக் கோப்பைக் காலிறுதியில், சுவாரேஸ் கோட்டருகே பந்தைக் கையால் தடுத்ததால் கிடைத்த பெனால்டியை அவர் குறுக்குக் கம்பத்தில் அடித்தார். சில நிமிடங்களில் ஷூட் அவுட்டில் கானாவின் முதல் உதைக்கு அவரே வந்து கோல் அடித்தார். தவறவிட்டதை மட்டும் எழுதுபவர்கள் இந்த இரண்டாவது நடையைச் சொல்வதே இல்லை.

ஐரோப்பிய சீசனை வாசிக்கும்போது ஜனவரி மாதத்தைத் தனியாகப் பாருங்கள். ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை நீண்டகாலம் ஜனவரியில் நடந்துவந்ததால், மேற்கு ஆப்பிரிக்க வீரர் லீக்கின் நடுவே சில வாரங்கள் காணாமல்போவார். 2009-10 சீசனில் ட்ரோக்பா 32 லீக் ஆட்டங்களில் 29 கோல்கள் அடித்து, லீக்கில் அதிக கோல் அடித்தவருக்கான இங்கிலாந்தின் தங்கக் காலணியை வென்றார். அந்த ஜனவரியில் அவர் அங்கோலாவில் நாட்டுக்காக ஆடிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணின் கனம் விளங்கும். அதே போட்டிக்குப் போகும் வழியில், 2010 ஜனவரி 8 அன்று கபிண்டாவில் டோகோ அணியின் பேருந்து துப்பாக்கிச் சூட்டுக்கு உள்ளானது. அதில் இருந்த இம்மானுவேல் அடெபயோர் சில மாதங்களில் நாட்டு அணியிலிருந்து விலகுவதாக அறிவித்து, பின்னர் திரும்பினார். அவர் வரலாற்றில் அந்த நாளை விட்டுவிட்டு "ஃபார்ம் இழந்தார்" என்று எழுதுவது அநியாயம்.

நாட்டு அணி பற்றிய பகுதியில்தான் புராணம் நுழையும். 2005 அக்டோபரில் சூடானின் ஒம்துர்மானில் 3-1 என வென்று கோட் டிவார் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது, உடைமாற்றும் அறையில் வீரர்கள் மண்டியிட, ட்ரோக்பா கேமரா முன், உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த தன் நாட்டு மக்களை ஆயுதங்களைக் கீழே வைக்குமாறு கேட்டார். 2007 ஜூனில், கிளர்ச்சியாளர்களின் மையமாக இருந்த புவாக்கே நகரில் மடகாஸ்கருக்கு எதிரான ஆட்டம் நடந்து 5-0 என முடிந்தது. இவை உண்மை நிகழ்வுகள். ஆனால் "போரை நிறுத்திய வீரர்" என்று எழுதாதீர்கள். அமைதி உடன்பாடு 2007 மார்ச்சில் புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகுவில் அரசியல் தரப்புகளுக்கிடையே கையெழுத்தானது. 2010 தேர்தலுக்குப் பின் மீண்டும் ரத்தம் சிந்தியது. ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையைப் பொறுத்தவரை, 2006, 2012 இறுதி ஆட்டங்கள் இரண்டிலும் கோட் டிவார் ஷூட் அவுட்டில் தோற்றது. அது கோப்பையை வென்ற 2015-இல் ட்ரோக்பா அணியில் இல்லை.

கடைசி ஆண்டுகளைச் சுருக்கமாக முடிக்கலாம்: ஷாங்காய், கலாட்டாசராய், மீண்டும் செல்சி, மொன்ட்ரியால், ஃபீனிக்ஸ், 2018-இல் ஓய்வு. ஆனால் சில வீரர்களுக்குக் கடைசி ஆண்டுகளே முக்கியம். நைஜீரியாவின் பார்த்தலமியூ ஒக்பெச்சே 17 வயதில் 2002 உலகக் கோப்பையில் ஆடியவர். நம் வாசகர்களுக்கோ அவர் 2018-இல் நார்த் ஈஸ்ட் யுனைடெடுக்கு வந்து, 2021-22 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் ஹைதராபாத் அணிக்காக 18 கோல்கள் அடித்தவராகத்தான் தெரிவார். அவரைப் பற்றி எழுதும்போது இந்தியப் பகுதிக்கு இரண்டு பத்திகளாவது ஒதுக்குங்கள். இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் வீரராக இருந்தால், கோல் எண்ணிக்கைக்கு அருகிலேயே அது எந்தத் தேதி வரையிலான கணக்கு என்பதையும் எழுதிவிடுங்கள்.