கப்போர்டுக்கு பிளைவுட் வாங்கும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள்

வீட்டு வேலை முடிகிற சமயம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஆசாரி ஒரு துண்டுச் சீட்டில் "19 எம்.எம். 12 ஷீட், 6 எம்.எம். 4 ஷீட்" என்று எழுதிக் கொடுப்பார். வீட்டுக்காரர் கடைக்குப் போய் "மரைன் இருக்கா?" என்று கேட்பார். சிவப்பாக, வழவழப்பாக ஒரு பலகை வெளியே வரும். விலை பேசி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். சிங்க்குக்குக் கீழே இருக்கும் கதவு இரண்டு மூன்று வருடத்தில் உப்ப ஆரம்பித்த பிறகுதான், வாங்கியது என்ன பலகை என்ற கேள்வியே வரும்.

பிளைவுட்டின் முகம் என்பது அரை மில்லிமீட்டர்கூட வராத ஒரு தோல். அதன் மேல் சன்மைக்கா ஒட்டியதும் அதுவும் மறைந்துவிடும். உள்ளே அடுக்கியிருக்கும் மர ஏடுகளும், அவற்றைப் பிடித்திருக்கும் பசையும்தான் பலகையின் உயிர். இந்த இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற ஒரே இடம் ஓரம். கீழே சொல்வதில் பாதிக்கு மேல் ஓரத்தைப் பற்றித்தான் இருக்கும்.

முதல் வேலை: எந்த இடத்துக்கு எந்த ரகம்

கடையில் காதில் விழும் பெயர்கள் பல. தரக் கணக்கில் பார்த்தால் மூன்றுதான்.

எம்.ஆர். என்பதைத்தான் கமர்ஷியல் பிளை என்கிறோம். காற்றில் இருக்கும் ஈரத்தை இது தாங்கும், தண்ணீரைத் தாங்காது. பி.டபிள்யூ.ஆர். கொதிநீரை ஓரளவு தாங்கும். ஐ.எஸ். (இந்தியத் தரம்) 303 என்ற தர எண்ணின் கீழ் வருபவை இந்த இரண்டும். மூன்றாவது பி.டபிள்யூ.பி., அதாவது மரைன். இதன் தர எண் ஐ.எஸ். 710. சோதனை முறையைப் பார்த்தாலே வித்தியாசம் புரியும். எம்.ஆர். துண்டை 60 டிகிரி வெந்நீரில் 3 மணி நேரம் ஊறப்போட்டுக் காயவைத்து, இப்படி மூன்று முறை செய்து பார்ப்பார்கள். பி.டபிள்யூ.ஆர். துண்டை 8 மணி நேரம் கொதிக்கவிட்டு 16 மணி நேரம் உலர்த்துவார்கள், இதுவும் மூன்று முறை. 710 துண்டு 72 மணி நேரம் தொடர்ந்து கொதிக்க வேண்டும்.

சிங்க் அடிப் பெட்டிக்கு 710 போடுங்கள், அதில் சிக்கனம் வேண்டாம். சமையல் மேடைக்குக் கீழே வரும் மற்ற பெட்டிகளுக்கும், குளியலறைச் சுவரை ஒட்டி நிற்கும் அலமாரிக்கும் பி.டபிள்யூ.ஆர். போதும். படுக்கையறை அலமாரி, பூஜை அலமாரி, சமையலறையின் மேல் பெட்டிகளுக்கு நல்ல கோர், அதாவது உள் ஏடுகள், உள்ள எம்.ஆர். தாராளமாக உழைக்கும். எல்லா இடத்துக்கும் மரைன் என்று கேட்டுவிட்டு, விலை கட்டாமல் மட்டமான கோர் உள்ள "மரைன்" வாங்குவதைவிட, இடத்துக்குத் தக்க ரகத்தில் நல்ல கோர் வாங்குவது எவ்வளவோ மேல்.

கனம்: பெட்டிக்கும் கதவுக்கும் 18 அல்லது 19 மி.மீ., இழுப்பறையின் பக்கங்களுக்கு 12, முதுகுப் பலகைக்கு 6. கதவுக்கு 12 மி.மீ. போட்டால் கீலுக்குக் குழி எடுக்க முடியாது. இப்போது எல்லோரும் போடும் கிண்ணக் கீலுக்கு 35 மி.மீ. அகலக் குழி சுமார் 12 மி.மீ. ஆழம் போகும். தட்டுகளுக்கு 19 மி.மீ. என்றாலும் இரண்டரை அடி, மிஞ்சினால் மூன்று அடி நீளம் வரைதான். அதற்கு மேல் போனால் நடுவில் ஒரு தாங்கு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பித்தளைப் பாத்திரச் சுமையில் தட்டு தொங்கிப்போகும்.

ஏழடி உயர அலமாரிக் கதவுக்கு பிளைவுட்டைவிட பிளாக் போர்டு நல்லது. அதன் நடுவே மரச் சட்டங்கள் நீளவாக்கில் கிடப்பதால் உயரமான கதவு வளைவது குறைவு. அதன் தர எண் ஐ.எஸ். 1659.

எத்தனை ஷீட்?

முழு ஷீட் 8×4 அடி, அதாவது 32 சதுர அடி. சதுர அடிக் கணக்கை மட்டும் வகுத்துப் பார்த்து வாங்கினால் கட்டாயம் குறையும். துண்டுகளை வரைந்து பார்க்க வேண்டும்.

மூன்றடி அகலம், 22 அங்குல ஆழம், 31 அங்குல உயரத்தில் ஒரு சிங்க் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 19 மி.மீ. ஷீட்டை நீளவாக்கில் 22 அங்குல அகலத்தில் இரண்டு பட்டைகளாக அறுத்தால், ரம்பம் தின்பது போக 3¾ அங்குலப் பட்டை ஒன்று மிஞ்சும். முதல் பட்டையில் 31 அங்குலப் பக்கப் பலகை இரண்டும், 30½ அங்குல உயரத்தில் 17¾ அகலக் கதவு ஒன்றும் கிடைக்கும். இரண்டாவது பட்டையில் அடிப்பலகையும் இன்னொரு கதவும். அடிப்பலகை 36 அல்ல, இரண்டு பக்கக் கனம் ஒன்றரை அங்குலம் போக 34½. மெலிந்த பட்டையில் மேலே முன்னும் பின்னும் வைக்கும் 34½ அங்குலக் குறுக்குச் சட்டம் இரண்டு எடுத்துக்கொள்ளலாம். ஒரு பெட்டிக்கு ஒரு ஷீட் என்று கணக்கு சரியாக உட்காரும். கதவின் நீளம் ஷீட்டின் நீளத்தோடு போவதால் ரேகையும் நேராக நிற்கும்.

ஒவ்வொரு அறுப்புக்கும் 3 மி.மீ. போகும். இதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் கடைசித் துண்டு கால் அங்குலம் குறைந்து நிற்கும்.

நம் பக்கம் பல வீடுகளில் மேடைக்குக் கீழே கடப்பா கல் தடுப்பு ஏற்கெனவே இருக்கும். அங்கே சட்டமும் கதவும் மட்டும் போட்டால் போதும், பிளைவுட் செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும். ஆனால் அந்தக் கதவுகள் துளி வளைவும் இல்லாமல் இருக்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டியவை

ஒரு வெர்னியர் காலிப்பர், டேப், சாதாரண நூல்கண்டு, பழைய நாணயம் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். பகல் வெளிச்சத்தில் போங்கள். டியூப்லைட்டில் ஓரம் சரியாகத் தெரியாது.

முதலில் முத்திரை. ஐ.எஸ்.ஐ. குறியின் மேலே தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம், இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். 303-க்கு வாங்கிய உரிமம் 710-க்குச் செல்லாது, இரண்டும் தனித்தனி. "710 கிரேடு", "மரைன் டைப்" என்று மட்டும் அச்சடித்து உரிம எண் இல்லாமல் வரும் பலகையை மரைன் விலைக்கு வாங்காதீர்கள்.

அடுத்து கனம். வெர்னியரை நான்கு மூலையிலும் நீளப் பக்கங்களின் நடுவிலும் வைத்து ஆறு அளவு எடுங்கள். 6 மி.மீ.க்கு மேற்பட்ட பலகைக்குத் தரவிதி அனுமதிக்கும் ஏற்றத்தாழ்வு 5 சதவீதம்தான். 19 என்று சொன்னால் 18-க்குக் கீழே போகவே கூடாது. 17 காட்டினால் நீங்கள் காசு கொடுத்த மரத்தில் பத்தில் ஒரு பங்கு பலகையில் இல்லை. அதோடு ஒரு மூலையில் 18½, இன்னொரு மூலையில் 17½ என்று இருந்தால் மூட்டு எதுவும் சமமாகச் சேராது.

இனி ஓரம்.

ஏடுகளை எண்ணுங்கள். எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையில்தான் வரும். ஒரு ஏடு நீளவாக்கில், அடுத்தது குறுக்கே என்று மாறி மாறி அடுக்கி, இரு முகமும் ஒரே திசையில் முடிந்தால்தான் இழுவிசை சமமாகி பலகை நேராக நிற்கும். 19 மி.மீ. பலகையில் 9, 11, 13 ஏடுகள் என்று பார்க்கலாம். எண்ணிக்கை கூடினால் நல்லதுதான். ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியம், ஒவ்வொரு ஏடும் ஒரே கனத்தில் நேர்கோடாக ஓடுகிறதா என்பது.

ஓரத்தில் கறுத்த பொந்து தெரிந்தால் அங்கே இரண்டு ஏடுகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. அந்த இடத்தில் கீல் திருகாணி விழுந்தால் பிடிக்காது, நாலு மாதத்தில் கதவு தொங்கும். ஏடு நேராக ஓடாமல் ஓர் இடத்தில் மேடு ஏறி இறங்கினால் அங்கே ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கிடக்கிறது. பளபளப்பான சன்மைக்கா ஒட்டிய பிறகு அந்த மேடு விளக்கு வெளிச்சத்தில் கோடாகத் தெரியும், அதைத் தேய்த்துச் சரிசெய்ய வழி கிடையாது. பழுப்பு மாவு போல அடைத்திருந்தால் அது மரத்தூளும் பசையும் கலந்த பூச்சு. ஓரம் முழுக்க வண்ணம் பூசியிருந்தால் ஒரு மூலையைச் சீவிக் காட்டச் சொல்லுங்கள், அல்லது அதே ரகத்தில் அறுத்து வைத்த பலகையைக் கேளுங்கள். கடையில் எப்போதும் ஒன்றிரண்டு வெட்டுத் துண்டு கிடக்கும். அறுத்த இடம்தான் உண்மையைச் சொல்லும்.

மரத்தின் நிறமும் ஓரத்தில் தெரியும். வெளிறிய, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் ஏடு பாப்லர். சற்றுச் சிவந்து கெட்டியாக இருப்பது பெரும்பாலும் யூகலிப்டஸ். இவை இரண்டும் ஹரியானாவின் யமுனாநகர் பக்கம் அதிகம் பயன்படுகின்றன. கேரளத்துப் பெரும்பாவூரில் ரப்பர் மரம். தமிழ்நாட்டில் பிளைவுட்டுக்கென்றே மலைவேம்பும் பயிராகிறது. பாப்லரும் யூகலிப்டஸும் மாறி மாறி வந்தால் கடைக்காரர்கள் "ஆல்டர்நேட்" என்பார்கள். அலமாரிப் பெட்டிக்கு ஆல்டர்நேட் பரவாயில்லை. கீல் தாங்கும் பக்கப் பலகைக்கும் கதவுக்கும் முழு ஹார்டுவுட் கேளுங்கள்.

பசைக்கோடு எப்படி இருக்கிறது? மரைன் பலகைக்கு ஒட்டும் பினாலிக் பசை காய்ந்தால் கரும்பழுப்பாகும். மரைன் என்று சொல்லி வெளிறிய பசைக்கோடு தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். கறுப்பாக இருந்துவிட்டால் மட்டும் நிச்சயமில்லை, பசையில் சாயம் கலக்கலாம். முகத்தின் சிவப்பு நிறமும் அப்படித்தான், சாயமேற்றிய முகம் எம்.ஆர். பலகையிலும் வரும். சிவப்பாக இருந்தால் மரைன் என்ற நம்பிக்கை நம் பக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இன்றோடு அதை விட்டுவிடலாம்.

ஓரத்தில் குண்டூசித் துளைகளும் அதன் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் பலகையை அப்படியே வைத்துவிடுங்கள். மாந்தோப்பு நிறைந்த மாவட்டத்தில் மாம்பலகை எப்படி உளுத்துப்போகும் என்று சொல்லத் தேவையில்லை. மருந்து ஏற்றாத மென்மர ஏடும் அதேபோல்தான் போகும். ஒரு பலகையில் இருக்கும் வண்டு வீட்டுக்கு வந்தால் பக்கத்தில் இருக்கும் கட்டிலையும் பிடிக்கும்.

எடையும் ஒரு சாட்சி. 8×4 அளவில் 19 மி.மீ. ஷீட் 28 கிலோவை ஒட்டி நின்றால் உள்ளே லேசான மரம். 35 முதல் 40 என்றால் கடினமரம். ஈரப் பலகையும் கனக்கும், அதனால் எடையை மட்டும் நம்பக் கூடாது. கை வைத்தால் சில்லென்று, மூக்கில் ஏறும் பசை வாடையோடு இருந்தால் ஆலையிலிருந்து வந்து ஆறாத சரக்கு. பலகையில் 5 முதல் 15 சதவீதம் ஈரம் இருக்கலாம். அதற்கு மேல் இருப்பது தர்மபுரியின் சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்கும்போது முறுக்கிக்கொள்ளும்.

பலகையைப் படுக்கவைத்து அரை அடிக்கு ஒரு தட்டு என்று நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். ஒரே மாதிரி கெட்டிச் சத்தம் வர வேண்டும். திடீரென்று சத்தம் மாறி பொத்தென்று கேட்டால் அங்கே உள்ளே பொந்து. கடைசியாக மூலைக்கு மூலை நூல் பிடித்து, நடுவில் இடைவெளி விழுகிறதா என்று பாருங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பில் அளந்துகொள்ளுங்கள். சரியான 8×4 ஷீட்டில் இரண்டும் ஏறக்குறைய 2,728 மி.மீ., அதாவது எட்டடி பதினொன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேலே வரும். இரண்டுக்கும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பலகை கோணல்.

கொதிக்கவைத்துப் பார்ப்பது

பத்துப் பதினைந்து ஷீட் வாங்குவதாக இருந்தால் முன்கூட்டியே இரண்டங்குலச் சதுரத் துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். சமையலுக்கு இனி எடுக்காத பழைய பாத்திரத்தில், வாசலில் விறகடுப்பு வைத்து, துண்டு முழுவதும் மூழ்கும்படி 8 மணி நேரம் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் வற்ற வற்ற வெந்நீராகவே ஊற்ற வேண்டும். வீட்டுக்குள் வேண்டாம், வாடை தாங்காது. எடுத்து ஆறியதும் ஏடுகளுக்கு நடுவே கத்தி முனையைச் செருகிப் பாருங்கள். எம்.ஆர். என்றால் பெரும்பாலும் அதற்கு முன்பே புத்தகம் போல விரிந்துவிடும். விரியாமல் நின்றால் அது கமர்ஷியல் அல்ல என்று மட்டும் தெரியும். 710 என்று உறுதிசெய்ய 8 மணி நேரம் போதாது.

பில், வண்டி, வீடு

பில்லில் பிராண்டு, ரகம், தர எண், கனம், அளவு, எண்ணிக்கை எல்லாம் வர வேண்டும். வெறுமனே "பிளை 12" என்று எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு பின்னால் எதுவும் கேட்க முடியாது. ஓசூர்க்காரர்கள் விலை குறைவு என்று பெங்களூரில் வாங்குவதுண்டு. வாங்கலாம், ஆனால் அறுத்துப் பார்த்து பொந்து வந்தால் திருப்பி எடுப்பார்களா, வண்டி வாடகை யார் தலையில் என்று முன்பே பேசி பில்லில் எழுதிக்கொள்ளுங்கள். எட்டடிப் பலகை சின்ன லோடு வண்டியில் முழுதாக உட்காராது. வெளியே நீட்டும் நுனிக்கு அடியில் கட்டை கொடுத்துக் கட்டாவிட்டால் குலுங்கிக் குலுங்கி மூலை உடையும்.

பூச்சு ஈரம் காயாத வீட்டுக்குள் பிளைவுட்டை இறக்காதீர்கள். ஐப்பசி மழையில் சுவர் ஓதமாக இருந்தாலும் அப்படியே. இறக்கியதும் சுவரில் சாய்த்து வைக்காமல், தரையில் மூன்று இடத்தில் சமமான சட்டம் போட்டு அதன் மேல் படுக்கையாக அடுக்குங்கள். சாய்த்த பலகை ஒரே வாரத்தில் வில்லாகும். மூன்று நான்கு நாள் வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும். பெட்டியை நிறுத்தும்போது தரைக்கு மேலே நாலங்குல பி.வி.சி. கால் கொடுத்து, சுவரிலிருந்து கால் அங்குலம் தள்ளி வையுங்கள். தரை கழுவும் தண்ணீரும் சுவர் ஈரமும் பலகையைத் தொடாது, கரையான் மண் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும்.

சன்மைக்காவை ஒரு முகத்தில் மட்டும் ஒட்டினால் எவ்வளவு நல்ல பலகையும் வளையும். வெளியே 1 மி.மீ. என்றால் உள்ளே 0.8 மி.மீ. ஒட்டச் சொல்லுங்கள். அறுத்த ஓரம் ஒன்றைக்கூட மூடாமல் விடக்கூடாது. சிங்க் பெட்டியில் குழாய்க்கு எடுக்கும் துளையின் உள்விளிம்பைத்தான் பெரும்பாலும் மறப்பார்கள், தண்ணீர் முதலில் உள்ளே போவதும் அந்த வழியாகத்தான். அதற்குள் இரண்டு கோட் வார்னிஷ் பூசுங்கள்.

முதல் ஷீட்டின் முதல் அறுப்பின்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். அறுத்த ஓரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பொந்தும் மேடும் தெரிந்தால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திப் படம் எடுத்து, பில்லோடு கடைக்குப் போங்கள். அறுக்காத பதினொரு ஷீட்டையும் அன்றைக்கே மாற்றித் தரக் கேட்கலாம்.