ஈசியூ மாற்றிய வண்டிக்கு எந்த வைட்பேண்ட் சென்சார்?

எந்த சென்சார் நல்லது என்று கேட்டுக்கொண்டு கடலூர் செம்மண்டலத்தில் இருக்கும் என் பட்டறைக்கு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ஈசியூ என்ன போடுறீங்க?" ஈசியூ என்பது எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று தீர்மானிக்கும் கம்ப்யூட்டர். எக்ஸாஸ்ட் புகையைப் பார்த்து பெட்ரோல் கூடுதலா குறைவா என்று அளக்கும் வைட்பேண்ட் சென்சார் தானாக எதையும் சொல்லிவிடாது. அதன் ஹீட்டரைச் சூடாக்கி, பம்ப் செல்லுக்குக் கரண்ட் கொடுத்து, அந்தக் கரண்டை அளந்து லாம்டாவாக மாற்ற ஒரு கண்ட்ரோலர் வேண்டும். லாம்டா என்பது காற்றும் பெட்ரோலும் கலந்த விகிதம், முழுதாக எரியத் தேவையான விகிதத்தோடு எப்படி ஒத்துப்போகிறது என்று காட்டும் எண்; சரியாக இருந்தால் 1. ஸ்பீடுயினோ, மெகாஸ்குவர்ட் ஈசியூ போடுகிறவர்கள் அதைத் தனியாக வாங்க வேண்டும். ஈசியூமாஸ்டரின் ஈஎம்யூ பிளாக் மாதிரி சிலவற்றில் அது உள்ளேயே இருக்கிறது. அதனால் முதலில் ஈசியூ, அப்புறம் கண்ட்ரோலர், கடைசியில்தான் சென்சார்.

வண்டியோடு வந்த பழைய சென்சாரே போதாதா? போதாது. அது நாரோபேண்ட். லாம்டா 1-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதற்கு மேல் அதற்குத் தெரியாது. 0.45 வோல்ட்டுக்கு மேலே போனால் ரிச் (பெட்ரோல் அதிகம்), கீழே இறங்கினால் லீன் (பெட்ரோல் குறைவு), அவ்வளவுதான். ஃபுல் த்ராட்டிலில் லாம்டா 0.85-இல் ஓடுகிறதா, 0.78-இல் ஓடுகிறதா என்பதை வைத்துத்தானே டியூனிங்கே செய்கிறோம்.

சந்தையில் அதிகம் புழங்குவது பாஷ் எல்எஸ்யூ 4.2, 4.9 இரண்டும். 4.2 பழையது, ஒப்பிட்டுப் பார்க்க வெளிக்காற்றை நம்பியிருப்பது. அவ்வப்போது வெளியே கழற்றி, வெறும் காற்றில் காலிபரேட் செய்ய வேண்டும். 4.9 அந்த ஒப்பீட்டு ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ளும். புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் 4.9, யோசிக்கவே வேண்டாம். ஆனால் 4.2-க்குச் செய்த கண்ட்ரோலரில் ஒயரை வெட்டி ஒட்டி 4.9-ஐ மாட்டாதீர்கள். செல்லின் எதிர்ப்பை வைத்துத்தான் சூடு சரியா என்று கண்ட்ரோலர் பார்க்கிறது. 4.2-க்கு அது 80 ஓம், 4.9-க்கு 300 ஓம். கணக்கே வேறு. ஒயரை வெட்டக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஒவ்வொரு சென்சாருக்கும் ஏற்ற காலிபரேஷன் ரெசிஸ்டர் அதன் ஒயர் முனையில் இருக்கும் கனெக்டருக்குள்தான் இருக்கிறது.

4.9 கேட்கும்போது 0 258 017 025 என்ற பாகத்தின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். போலி நிறைய வருகிறது, பெட்டி முதற்கொண்டு அச்சு அசலாக. பாதி விலைக்கு ஒருவர் தருகிறார் என்றால் ஏன் தருகிறார் என்று யோசியுங்கள். கழற்றிய பழைய சென்சார் வேண்டவே வேண்டாம். அது எந்த எஞ்சினில் எவ்வளவு ஆயில் புகை குடித்தது என்று யாருக்குத் தெரியும்? பாண்டிச்சேரிப் பையன்கள் ஆர்எக்ஸ் 100-க்கு வைட்பேண்ட் கேட்டு வருவார்கள். போடலாம், தப்பில்லை, டூ ஸ்ட்ரோக் ஆயிலில் அதன் ஆயுசு குறையும் என்று தெரிந்தே போடுங்கள். டியூனிங் முடிந்ததும் கழற்றிவிட்டு அந்த ஓட்டைக்கு போல்ட் போட்டு அடைப்பது நல்லது. கரண்ட் இல்லாமல் புகையில் கிடக்கும் சென்சார் கரி படிந்தே கெட்டுப்போகும்.

இனி பெட்ரோல். இப்போது பங்க்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. சுத்த பெட்ரோலுக்கு 14.7 என்ற காற்று-எரிபொருள் விகிதம் இதற்குக் கிட்டத்தட்ட 13.5 ஆகிவிடும். இதைப் படித்துவிட்டு சிலர் டார்கெட்டை 13.5 என்று மாற்றிவிடுகிறார்கள். சென்சார் அளப்பது லாம்டாவைத்தான்; அதை 14.7-ஆல் பெருக்கித்தான் மீட்டரில் காட்டுகிறது. எந்த எரிபொருள் ஊற்றினாலும் லாம்டா 1-இல் அந்த மீட்டர் 14.7 என்றே காட்டும். அதில் 13.5 வரவைத்தால் நிஜத்தில் 0.92-இல், வீணாக ரிச்சாக ஓட்டுகிறீர்கள். மீட்டரையும் ஈசியூவையும் லாம்டாவுக்கு மாற்றிவிடுங்கள், குழப்பமே இல்லை.

கண்ட்ரோலரும் ஈசியூவும் கேன் என்ற டிஜிட்டல் டேட்டா லைன் வழியாகப் பேசும் என்றால் அதையே எடுங்கள். 0–5 வோல்ட் அனலாக் என்றால் எர்த்தில் கவனம். 0–5 வோல்ட்டுக்குள் 10 முதல் 20 வரையான விகிதத்தைக் காட்டும் கண்ட்ரோலரில் 0.1 வோல்ட் பிசகினால் விகிதம் 0.2 தள்ளிப்போகும். ஹீட்டர் எர்த்தை எஞ்சின் பிளாக்கில் கொடுங்கள், சிக்னல் எர்த்தை ஈசியூவின் சென்சார் எர்த்தில் கொடுங்கள். இரண்டையும் ஒரே ஒயரில் முறுக்கிவிட்டால் ஹீட்டர் இழுக்கும்போதெல்லாம் எண் ஆடும். மீட்டரில் தெரியும் எண்ணும் லேப்டாப்பில் டியூனர்ஸ்டுடியோ என்ற டியூனிங் சாஃப்ட்வேர் காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஈசியூவின் பெட்ரோல் அளவு அட்டவணையான மேப்பில் கை வைக்க வேண்டும்.

பொருத்தும் இடம்: டர்போ இருந்தால் டர்போவுக்குப் பின்னால். இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் போர்ட்டிலிருந்து இரண்டடி தள்ளி. சென்சாரின் மூக்கு கீழ்நோக்கி, படுக்கைவாட்டிலிருந்து 10 டிகிரியாவது சாய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் உள்ளே தேங்கினால் சூடான செராமிக் வெடித்துவிடும். இதே காரணத்துக்காகத்தான் எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகே ஹீட்டருக்குக் கரண்ட் போகும்படி ரிலே ஒயரிங் செய்வேன்.

நம் கடலோரத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு. உப்புக்காற்றில் சைலன்சர் பைப்பின் வெல்டிங் ஓரங்களில் ஊசிமுனை ஓட்டை விழும். சென்சாருக்கு முன்னால் அப்படி ஒன்று இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, எஞ்சின் லீனாக ஓடுவதுபோல் காட்டும். ஈசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும், ஸ்பார்க் பிளக் கறுத்துப்போகும். சென்சார் மேல் பழி போடும் முன், ஐடிலில் சைலன்சர் வாயைத் துணியால் லேசாக அடைத்து, ஜாயின்ட்டுகளில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று அறிய பைபாஸில் மூன்றாவது கியரில் போய் ஆக்சிலேட்டரை முழுதாகத் தளர்த்திவிடுங்கள். ஃபியூல் கட் ஆனதும், அதாவது ஈசியூ பெட்ரோலை நிறுத்தியதும், பைப்பில் வெறும் காற்றுதான் போகும்; மீட்டர் சட்டென்று லீன் எல்லைக்கு ஓட வேண்டும். மெதுவாக நகர்ந்தாலோ பாதியில் நின்றாலோ மாற்றிவிடுங்கள்.