கிறிஸ்துமஸ் கார்டு மடிப்பு வெடிக்காமல் இருக்க

பெங்களூரு அவென்யூ ரோட்டில் அட்டை வாங்கும்போது 250 ஜிஎஸ்எம் (அட்டையின் கனத்தைச் சொல்லும் அளவு), ஏ4 என்று கேளுங்கள். அதை அப்படியே மடித்தால் மடிப்பு வெடித்து நார் தெரியும். அடர்சிவப்பிலும் பச்சையிலும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேலை ஒட்டி அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்து, அந்தக் கோட்டில் மடியுங்கள். மடிப்பு நேராக, சுத்தமாக விழும்.

அப்புறம், பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கிப் போடாதீர்கள். அவற்றின் தங்க ஓரத்தில் வெட்டிய நட்சத்திரத்துக்குக் கடை ஜிகினா ஈடாகாது. ஒட்டுவதற்குப் பல்குத்தும் குச்சி நுனியளவு ஃபெவிகால் போதும், கூடினால் தாள் சுருங்கிவிடும். ஒட்டியதைக் கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வையுங்கள்.

நாகர்கோவிலில் இருக்கும் அம்மாவுக்கான கார்டை டிசம்பர் 10-க்குள் தபாலில் சேர்த்துவிடுவேன்.