கதாபாத்திரத்துக்குப் பிரெஞ்சுக் குடும்பப்பெயர் வைப்பது எப்படி?

என் முதல் பிரெஞ்சுக் கதாபாத்திரம், பிரான்சின் வடமேற்குப் பகுதியான பிரிட்டனியின் கடற்கரையில் ஒரு மீனவர். ‘துபோன்’ என்று பெயர் வைத்தேன். கைப்பிரதியைப் படித்த நண்பர், “இவர் எந்த ஊரிலிருந்து இங்கே குடிவந்தார்?” என்று கேட்டார். கதைப்படி அவர் ஏழு தலைமுறையாக அங்கேயே வலை வீசுகிறவர். பெயர் ஒன்று சொல்ல, கதை வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து நான் பின்பற்றும் வழி இது. உதாரணத்துக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். பிரிட்டனியின் மேற்கு முனையான ஃபினிஸ்தேரில் 1895-ல் பிறந்தவள். அப்பா கொல்லர். ரொட்டிக் கடைக்காரரை மணந்து, இளம் வயதிலேயே கணவனை இழந்தவள். முதல் பெயர் இவோன்.

படி 1: முதலில் ஊர்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். கொல்லர் என்ற ஒரே தொழில் பிரான்சு முழுவதும் எப்படிக் குடும்பப்பெயராகியிருக்கிறது என்று பாருங்கள். வடக்கில் லெஃபெவ்ர். தெற்கே புரோவான்ஸ் பக்கம் ஃபாப்ர். சவோய் மலைகளில் ஃபாவ்ர். ஜெர்மானியப் பேச்சு வழங்கும் அல்சாஸில் ஷ்மிட். பிரிட்டனியில் லெ கோஃப். தொழில் ஒன்றுதான், உலைக்களம் இருந்த ஊர்தான் வேறு. பெயரைக் கேட்டதும் பிரெஞ்சு வாசகர் மனத்தில் வரைபடம் விரிந்துவிடும்.

இன்னும் சில அடையாளங்கள்: ‘கெர்’ என்று தொடங்கினால் பிரிட்டனி, அந்தப் பகுதிக்கே உரிய மொழியில் அது வீட்டையோ குடியிருப்பையோ குறிக்கும். ‘எச்செவெரி’ பாஸ்க் நாட்டுப் பெயர், பொருள் புதுவீடு. பவோலி, சந்தோனி போல இகரத்தில் முடிந்தால் கோர்சிகாவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எந்த ஊரும் வேண்டாம், பொதுவான பிரெஞ்சுக்காரர் போதும் என்றால் மர்த்தேன், துபுவா, மொரோ, துரான். இவற்றில் மர்த்தேன்தான் பிரான்சில் மிக அதிகமானோர் வைத்திருக்கும் குடும்பப்பெயர். புதுச்சேரியை நகரமாக வளர்த்த பிரான்சுவா மர்த்தேனும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

படி 2: பொருளைப் பாருங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

பிரெஞ்சுக் குடும்பப்பெயர்களில் பெரும்பாலானவை நான்கு வகை: முன்னோரின் முதல் பெயர் (மர்த்தேன், பெர்னார்), இடம் (துபுவா என்றால் காட்டைச் சேர்ந்தவர்), தொழில், பட்டப்பெயர் (பெத்தி என்றால் சிறியவர், லெக்ரான் என்றால் பெரியவர்).

தொடக்கநிலை எழுத்தாளர்கள் விழும் பள்ளம் இங்கேதான். ரொட்டிக் கடைக்காரருக்கு ‘புலான்ழே’ என்று வைப்பார்கள். அதன் பொருளே ரொட்டி சுடுபவர்! இந்தப் பெயர்கள் இடைக்காலத்தில் ஒட்டிக்கொண்டவை. 1539-ல் வில்லேர்-கோத்ரே அரசாணை ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கட்டாயமாக்கியது. 1794-ல் வந்த புரட்சிக்காலச் சட்டம், பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரில் வழங்கக் கூடாது என்றது. ஆகவே 1895-ல் பிறந்தவளின் குடும்பப்பெயர் எப்போதோ உறைந்துபோன ஒன்று. நம் இவோனின் அப்பா கொல்லர் என்பதாலேயே லெ கோஃபைத் தவிர்த்தேன். ‘கெர்மரெக்’ என்று வைத்தேன். ‘மரெக்’ குதிரை வீரனைக் குறிக்கும் சொல். பட்டறையில் லாடம் அடிப்பவருக்கு இப்படியொரு பெயர் இருப்பது எனக்குப் பிடித்தது.

படி 3: காலத்தையும் மாவட்டத்தையும் சரிபாருங்கள்

பிரெஞ்சுப் புள்ளிவிவர நிறுவனமான இன்சேயின் பிறப்புத் தரவுகளை வைத்து இயங்கும் ‘ஜியோபாட்ரோனிம்’ தளத்தில் ஒரு குடும்பப்பெயரைத் தட்டினால், 1891 முதல் 1990 வரை, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒரு பகுதியாக, எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் அந்தப் பெயருடன் பிறந்தார்கள் என்று காட்டும். உங்கள் பாத்திரம் பிறந்த காலப்பகுதியைத் தேர்ந்து பாருங்கள். மிக அரிதான பெயர் என்றால் விட்டுவிடுவது நல்லது. அது உயிரோடிருக்கும் ஒரே குடும்பத்தினுடையதாக இருக்கலாம். முதல் பெயரையும் சேர்த்துத் தேடிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

படி 4: பெண்ணுக்கு இரண்டு பெயர்கள்

சட்டப்படி பிரெஞ்சுப் பெண்ணின் பெயர் திருமணத்தால் மாறுவதில்லை. கணவரின் பெயர் வழக்கத்தில் மட்டும் வரும். நான் கணவருக்கு ‘லெ பியான்’ என்று வைத்தேன், பிரிட்டனி மொழியில் சிறியவர் என்று பொருள். எனவே கடைக்கு வருகிறவர்களுக்கு அவள் மதாம் லெ பியான், நோட்டரியின் பத்திரத்தில் இவோன் கெர்மரெக். ஒரே நாளில் இரண்டு பெயர்களால் அழைக்கப்படும் பெண் என்பதே ஒரு காட்சிக்குப் போதும். இன்றைய கதை என்றால், 2005 முதல் பிள்ளைக்குத் தாயின் பெயரையோ இருவர் பெயரையுமோ வைக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

‘த’ என்ற முன்னொட்டைப் பார்த்ததும் பிரபு குலம் என்று முடிவுகட்ட வேண்டாம். வெறும் ஊரைக் குறிக்கும் ‘த’வும் உண்டு.

படி 5: தமிழர் என்றால்

இங்கே தனிக் கதையே இருக்கிறது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, பிரெஞ்சிந்தியாவில் தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தவர்கள் குடும்பப்பெயர் ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு முன்னோடியான வழக்கறிஞர் பொன்னுத்தம்பி ஏற்ற பெயர் ‘லா போர்த்’, அதாவது கதவு. மறுபக்கம், பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் தனிப்பெயர்களே குடும்பப்பெயர்களாகிவிட்டன. குவாதலூப்பில் முத்துசாமியும் ரெயூனியனில் ராமசாமியும் இன்று பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப்பெயர்கள். புதுச்சேரிக் கதைக்கும் ரெயூனியன் கதைக்கும் ஒரே பெயர்ப் பட்டியலைப் பயன்படுத்தாதீர்கள்.

படி 6: வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள்

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமான சோதனை இது. பிரெஞ்சில் சொல்லின் கடைசி மெய் பெரும்பாலும் ஒலிக்காது. லெஃபெவ்ரின் எழுத்துக்கூட்டலிலோ நடுவில் ஒரு ‘ப்’ ஒலி எழுத்தும் இருக்கிறது, யாரும் அதைச் சொல்வதில்லை. ஒலியை எழுதுங்கள், எழுத்துக்கூட்டலை அல்ல. பிறகு ஐ, கு, உடன் சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள். ‘ரூ’ என்ற அழகான பெயரை நான் கைவிட்டதற்குக் காரணம், “ரூ. வந்ததா?” என்று எழுதினால் எல்லோரும் பணத்தைத் தேடுவார்கள்.

‘கெர்மரெக்குக்குக் கடிதம் வந்தது’ என்று எழுதிப் படித்தேன், நாக்கு சுளுக்கிக்கொண்டது. ‘லெ பியானுக்கு’ வழுக்கிக்கொண்டு போனது. ஆகவே கதை முழுவதும் அவள் மதாம் லெ பியான். கெர்மரெக் பத்திரத்தில் ஒருமுறை, கல்லறையில் ஒருமுறை வருகிறது, இரண்டு இடத்திலும் உருபு இல்லாமல்.