ஏ ஸ்ரீ ஐசு: வகுப்பறைக் கணினியில் நான் பட்டதை நீங்களும் பட வேண்டாம்

போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் பக்கத்து இருக்கையில் ஓர் இளம் ஆசிரியை. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "சார், வேர்டுல நல்லாத்தான் தெரியுது. கூகுள் ஃபார்ம்ல ஒட்டினா என்னென்னவோ வருது" என்றார். நான் திரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பாமினியா?" என்றேன். பாமினிதான், அந்தப் பழைய தமிழ் எழுத்துரு.

பத்துப் பதினைந்து வருடம் முன்பு நான் விழுந்த அதே குழி. அதனால்தான் இதை எழுதுகிறேன். சார்ஜ் போட மறப்பது, ஸ்பீக்கர் இல்லாமல் வீடியோ போடப் போவதெல்லாம் ஒரு முறை பட்டால் தானாகப் புரிந்துவிடும். அவற்றை விட்டுவிட்டு, மற்ற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பாமினியில் கேள்வி வங்கி சேர்ப்பது

நான் அறிவியல் ஆசிரியர். 2008-இல் தொடங்கி, ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பாடவாரியாகக் கேள்விகளைத் தட்டச்சு செய்து சேர்த்து வந்தேன். 1,400 கேள்விகளுக்கு மேல் இருக்கும். அச்சில் பார்த்தால் அவ்வளவு அழகு. 2020-இல் ஊரடங்கு வந்தது. பிள்ளைகளுக்கு ஃபார்மில் தேர்வு வைக்கலாம், நம்மிடம்தான் கேள்விகள் தயாராக இருக்கின்றனவே என்று தெம்பாக உட்கார்ந்தேன். முதல் கேள்வியை ஒட்டியதுமே ஆங்கில எழுத்துக் குப்பை.

நடப்பது இதுதான். பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. ஜே-யின் உருவம் வரவேண்டிய இடத்தில் 'த'-வின் உருவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத ஃபோனுக்கோ இணையத்துக்கோ போனதும் வேஷம் கலைந்துவிடும். இணையத்தில் தேடினால் கிடைக்காது. பார்வையற்ற மாணவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளும் ஜே, கே, பி என்றுதான் படிக்கும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யூனிகோடில் அப்படியில்லை. அங்கே 'த' என்றால் எந்தக் கருவியிலும் 'த'தான்.

சரி, பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றனவே என்று மொத்தக் கோப்பையும் அதில் போட்டேன். தமிழெல்லாம் சரியாக மாறியது. ஆனால் எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று அந்தக் கருவிக்கு எப்படித் தெரியும்? பாமினியில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'வி' இருக்கும் இடத்தில் 'ஏ' வரும். 'ஐ'க்கு 'ஐ'யே வரும், 'ஆர்' இருந்தால் 'சு', சமக்குறிக்கு 'ஸ்ரீ'. ஓம் விதியின் வி = ஐஆர், "ஏ ஸ்ரீ ஐசு" ஆகிவிட்டது. நான் கவனிக்காமல் அதையே பத்தாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். "சார், ஐசுன்னா என்ன?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருவன் ஒரு படி மேலே போய், "ஏ ஸ்ரீ ஐசு" என்றே விடையில் எழுதி அனுப்பியிருந்தான். மனப்பாடம்!

ஒவ்வொரு சமன்பாட்டையும், ஒவ்வொரு அலகையும் கையால் திருத்தினேன். அந்தக் கோடை முழுக்கப் போயிற்று. வேதியியல் பாடத்தைப் பாதியில் கைவிட்டேன்.

இன்றுவரை என் எரிச்சல் தீராததற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. அப்போது என்னிடம் இருந்தது இருநூறு கேள்விதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. "பாமினி கீபோர்டுதான் கைக்கு வருது" என்று சொல்லிக்கொண்டு பத்து வருடம் ஓட்டினேன். பயிற்சியில் அந்த ஆசிரியையும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார்.

விசைப்பலகை வேறு, கோப்புக்குள் பதிவாகும் எழுத்துக்குறி வேறு. என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருளில் பாமினி விசைகளையே அடித்து யூனிகோடைப் பெறலாம். பழைய தட்டச்சு முறை பழகியவர்களுக்கும் அதில் இடம் உண்டு. விரல் பழக்கத்தை மாற்றவே வேண்டாம். இதை 2010-இல் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால்!

உங்கள் கோப்பு எந்த வகை என்று தெரியவில்லையா? ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் பிழைத்தீர்கள். மாற்ற வேண்டியிருந்தால் ஆங்கிலமும் சூத்திரமும் கலந்த பகுதிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்றதை மட்டும் கருவியில் போடுங்கள்.

யூனிகோடுக்கு வந்த பிறகும் ஒரு கண்ணி உண்டு. எங்கள் தமிழாசிரியர், அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவர் யார் என்று ஃபார்மில் கேட்டு, விடைக்குறிப்பில் 'ஔவையார்' என்று அடித்தார். அவர் அடித்தது 'ஒ'வும் 'ள'வும். ஃபோனில் ஒழுங்காக ஒற்றை 'ஔ' போட்ட பிள்ளைகளுக்கெல்லாம் பூஜ்ஜியம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. குறுவிடைக்குச் சரியான விடைகளாக ஒன்றுக்கு மேல் சேர்க்க ஃபார்மில் வசதி இருக்கிறது, இரண்டு வடிவத்தையும் கொடுத்துவிடுங்கள்.

சிமுலேஷனை முதலில் ஓட்டிக் காட்டுவது

அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் சிமுலேஷன்கள் உள்ள ஃபெட் (PhET) தளம் தெரிந்திருக்கும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதில் மின்சுற்று அமைக்கும் பகுதி ஒன்று. பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் தீப்பிடிக்கும். நான் எடுத்த எடுப்பில் அதைத்தான் காட்டினேன். ஒரே கைதட்டல். மறுவாரம் குறுக்குச்சுற்று என்றால் என்ன என்று கேட்டால் "நெருப்பு சார்" என்கிறார்கள்.

இப்போது புரொஜக்டரை ஆன் செய்வதற்கு முன் நோட்டில் எழுதச் சொல்கிறேன்: பல்பு எரிந்துகொண்டிருக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டு ஒரு கம்பியை நேராகப் பேட்டரியின் இரு முனைக்கும் கொடுத்தால் என்ன ஆகும்? 'பல்பு இன்னும் பளிச்சென்று எரியும்' என்பதுதான் வகுப்பில் பெரும்பான்மை. அப்புறம் தீ எரியும்போது பார்க்க வேண்டும், கைதட்டலுக்குப் பதில் சண்டை வரும். அந்தச் சண்டைதான் பாடம்.

ஃபெட் சிமுலேஷன்களில் பலவற்றை ஒற்றைக் கோப்பாகத் தரவிறக்கி பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம், நெட் போனாலும் ஓடும்.

எல்லார் கையிலும் ஃபோன் இருக்கும் என்று எண்ணுவது

வகுப்பில் வினாடி வினா நடத்த கஹூட் நல்ல கருவிதான். ஆனால் பிள்ளைகளிடம் ஃபோனோ கணினியோ வேண்டும், வேகமாகத் தொட்டவருக்கே அதிக மதிப்பெண். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை கேள்வியை முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். எனக்குப் பிடித்தது பிளிக்கர்ஸ். பிள்ளைகள் அச்சிட்ட அட்டையைத் திருப்பிப் பிடிப்பார்கள், ஆசிரியரின் ஒரே ஒரு ஃபோன் எல்லார் விடையையும் படித்துவிடும். நம் வகுப்பறைக்கு அது போதும்.

பாடநூலின் க்யூஆர் கோடு

வகுப்பில் முதன்முறையாக ஸ்கேன் செய்யாதீர்கள். முந்தைய நாள் வீட்டில் ஸ்கேன் செய்து, அதில் வருவதை முழுவதும் பாருங்கள்.

ஃபார்மின் எடிட் லிங்க்கை அனுப்புவது

என் கேள்விகளை ஒன்பதாம் வகுப்பே திருத்தி அமைத்தது. விடைகள் எல்லாம் சுலபமாகியிருந்தன.

மதிப்பெண் பட்டியலைப் பெற்றோர் குழுவில் போடுவது

வேண்டாம்.

பள்ளிக் கணினியின் டெஸ்க்டாப்பில் சேமிப்பது

ஃபார்மட் போட வருகிறவர் உங்களைக் கேட்டுவிட்டுப் போட மாட்டார்.