கோல்ஃப் ஆடும் முன் வார்ம் அப்: அக்கறையோடு செய்யும் தவறுகள்

வார்ம் அப் செய்யாமல் ஆடக்கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்குக் கவலை, டீ டைமுக்கு (ஆட்டம் தொடங்கக் குறித்த நேரம்) அரை மணி நேரம் முன்னதாகவே வந்து, அக்கறையாக உடம்பை வளைத்து, அந்த அக்கறையாலேயே உடம்பைக் கெடுத்துக்கொள்கிறவர்களைப் பற்றித்தான். முதல் டீ (முதல் பந்தை அடிக்கும் இடம்) அருகே புதிதாக ஆட வந்தவர்களைக் கவனிக்கிறேன். நாங்கள் ஆரம்பத்தில் யார் யாரையோ பார்த்துப் பழகிய அதே அசைவுகள், அதே வரிசையில் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன.

2001-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 1,040 அமெச்சூர் ஆட்டக்காரர்களை ஆட்டத்துக்கு முன் கவனித்துக் கணக்கெடுத்தார்கள். ஏதோ ஒரு வகையில் வார்ம் அப் செய்தவர்கள் பாதிக்குச் சற்று மேல். அவர்களிலும் பெரும்பாலோர் செய்தது, டீயில் நின்று காற்றில் கிளப்பை (கோல்ஃப் மட்டை) சுழற்றியது. இங்கே நான் பேசப்போவது அந்தப் பாதிப் பேரிடம்.

கிளப்பைக் கழுத்துக்குப் பின்னால் வைத்து முறுக்குவது

காரிலிருந்து இறங்குகிறார். பேகிலிருந்து டிரைவரை, அதாவது தூரம் அடிக்கும் நீளமான கிளப்பை, உருவுகிறார். கழுத்துக்குப் பின்னால், தோள்மேல் குறுக்காக அதை வைத்து, இரண்டு கைகளையும் மேலே மாட்டிக்கொள்கிறார். கால்களை அசையாமல் ஊன்றி, வலமும் இடமுமாக விறுவிறுவென்று திரும்புகிறார். திரும்பத் திரும்ப வேகம் கூடுகிறது. முதுகில் ‘சடக்’கென்று ஒரு சத்தம். “அப்பாடா, விட்டுடுச்சு” என்கிறார்.

எந்த கோர்ஸுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஏனென்றால் பார்க்க இது அச்சு அசலாக கோல்ஃப் ஸ்விங்குக்கான தயாரிப்பு போலவே இருக்கிறது. அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

முதுகெலும்பு மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி திரும்பும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. கீழ்முதுகில் 5 முள்ளெலும்புகள். அங்கே ஒவ்வொரு இணைப்பும் ஒரு பக்கமாக 2, 3 டிகிரி திரும்பினால் அதிகம். எல்லாவற்றையும் கூட்டினாலும் 10, 15 டிகிரிதான் தேறும். முன்னும் பின்னும் மடங்குவதும் பாரம் தாங்குவதும்தான் அதன் வேலை. திரும்புகிற வேலை மேலே, விலா எலும்புகள் வந்து சேரும் 12 முள்ளெலும்புகளுக்கும், கீழே, தொடையெலும்பு பொருந்தியிருக்கும் இரண்டு இடுப்பு மூட்டுகளுக்கும் உரியது. கிளப்பைப் பின்னால் தூக்கும் முழு பேக்ஸ்விங்கில் தோள்கள் சுமார் 90 டிகிரியும் இடுப்பு சுமார் 45 டிகிரியும் திரும்பும் என்பது வழக்கமான கணக்கு. நடுவில் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கை மேல்முதுகு கொடுக்க வேண்டும்.

இப்போது அந்த மனிதர் நிற்கும் நிலையைப் பாருங்கள். பாதம் ஊன்றியிருக்கிறது, முழங்கால் விறைத்திருக்கிறது. இடுப்பு மூட்டு திரும்ப வழியில்லை. காரில் உட்கார்ந்தே வந்ததில் மேல்முதுகு கூன் விழுந்து இறுகியிருக்கிறது. தோள்மேல் ஒரு மீட்டருக்கும் நீளமான கிளப்பும் விரித்த கைகளும் சுழலும் வேகம் எங்கேயாவது போய் நிற்க வேண்டும். திரும்பவே தெரியாத கீழ்முதுகில் போய் நிற்கிறது.

நேரமும் சேர்ந்துகொள்கிறது. இரவு படுத்திருக்கும்போது முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகள் (டிஸ்க்) நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்து நடமாடும்போதுதான் அந்த நீர் மெல்ல வெளியேறும். அதில் கணிசமான பங்கு முதல் ஒரு மணி நேரத்திலேயே வெளியேறிவிடும். அதற்குள் ஆழமாகக் குனிந்தாலும் முறுக்கினாலும் வட்டின்மேல் விழும் அழுத்தம் பகலில் இருப்பதைவிட வெகு அதிகம். அதிகாலை டீ டைம் வாங்கியவர் எழுந்ததும் குளித்து, காரில் உட்கார்ந்து, இறங்கியதும் முறுக்குகிறார். உட்கார்ந்த நேரத்தைக் கழித்தால், அவர் முதுகு இன்னும் படுக்கையிலிருந்து முழுதாக எழவில்லை. பின்னால் வரப்போகிற வேலையோ லேசானதல்ல. கோல்ஃப் ஸ்விங்கின்போது கீழ்முதுகின்மேல் விழும் அழுத்தம் உடல் எடையைப் போல் சுமார் 8 மடங்கு என்று 1990-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. ஆட்டக்காரர்களுக்கு அதிகம் அடிபடும் இடமாகக் கீழ்முதுகு இருப்பதில் வியப்பில்லை.

என்னோடு ஆடும் நண்பர் ஒருவர். கையில் நல்ல டச், ஒழுங்கான ஸ்விங். ஒரு போட்டி நாளில் நேரத்தோடு வந்து, எல்லாரையும்விட உற்சாகமாக இந்த முறுக்கலைச் செய்தார். முதல் சில ஹோல்கள் நன்றாகவே போயின. பிறகு ஒரு பங்கர் (மணற்குழி) ஷாட்டை அழகாக அடித்துவிட்டு, மணலைச் சமன்படுத்த ரேக்கை எடுக்கக் குனிந்தார். நிமிர முடியவில்லை. பேகைத் தூக்கி வரும் கேடி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்து வண்டியில் உட்கார வைத்தோம். அதன்பிறகு மாதக்கணக்கில் கிளப்பைத் தொடவில்லை. பிசியோதெரபி, பெல்ட், தூக்கமில்லாத இரவுகள். முறுக்கல் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் குணமாகித் திரும்பி வந்த முதல் நாள், பேகைத் திறந்ததும் அவர் கை தானாக டிரைவரை எடுத்துக் கழுத்துக்குப் பின்னால் வைத்தது. அன்று அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கியே விட்டேன்.

அந்த ‘சடக்’ சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது பெரும்பாலும் மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழ் உண்டாகும் சத்தம். கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். தசை சூடாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம் அல்ல.

“பெரியவங்க எல்லாரும் இப்படித்தானே சார் பண்றாங்க?” என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். அவன் கேட்டது நியாயம். நம்மைப் பார்த்துத்தான் அவர்கள் கற்கிறார்கள்.

இதற்குப் பதில் என்ன செய்வது? முதலில் நடை. கை வீசி 5 நிமிடம் வேகமாக நடந்தாலே தசைக்கு ரத்தம் ஓடத் தொடங்கும். பிறகு இடுப்பு மூட்டு: டிரைவரைத் தரையில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை முன்னும் பின்னுமாக 10 முறை, உடலுக்குக் குறுக்காக 10 முறை தளர்வாக வீசுங்கள், அடுத்து மறுகால். அதோடு பாதி உயரம்வரை உட்கார்ந்து எழுவது 10. இவை முடிந்த பிறகே திரும்பும் பயிற்சி. கிளப்பைக் கழுத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள். அங்கே வைத்தால் தலை முன்னால் தள்ளப்பட்டு, தோள் மூட்டும் தன் எல்லைக்குப் போய்விடும். மார்பின்மேல் குறுக்காக வைத்துக் கைகளை மடித்து அணைத்துக்கொள்ளுங்கள். பந்தின் முன் நிற்பதுபோல முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பிலிருந்து சாய்ந்து நில்லுங்கள். மெதுவாகத் திரும்புங்கள், திரும்பும்போது மூச்சை வெளியே விடுங்கள். இடுப்பும் கூடவே திரும்பட்டும். பின்னங்குதிகால் எழ வேண்டுமென்றால் எழட்டும். முதல் சில திருப்பங்கள் பாதி தூரத்தோடு நிற்கட்டும். வேகம் வேண்டவே வேண்டாம். வேகத்தைக் கிளப் கையில் பிடித்து ஸ்விங் செய்யும்போது கூட்டிக்கொள்ளலாம்.

குனிந்து காலைத் தொட்டு அப்படியே நிற்பது

ஒரே நிலையில் இழுத்துப் பிடித்து நிற்கும் ஸ்டாட்டிக் ஸ்ட்ரெச்சிங் கெட்டதல்ல. அதன் இடம்தான் தவறு. ஒரு தசையை 60 விநாடிக்கு மேல் இழுத்துப் பிடித்தால் அதன் பலமும் வெடிப்பு வேகமும் கொஞ்ச நேரத்துக்குக் குறைகின்றன. போட்டிகளில் ஆடும் இளைஞர்களை வைத்து 2009-இல் வெளியான ஒரு கோல்ஃப் ஆய்விலும், நீண்ட ஸ்டாட்டிக் ஸ்ட்ரெச்சிங்குக்குப் பிறகு கிளப் வேகமும் பந்து போகும் தூரமும் குறைந்தன. இறுகிய தொடையை 15, 20 விநாடி இழுத்துவிட்டு உடனே அசைவுக்கு மாறினால் பாதகமில்லை. நிதானமாக நீட்டி இழுப்பதைக் கடைசியான 18-ஆவது ஹோல் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உடம்பு சூடாக இருக்கும், வளைந்தும் கொடுக்கும்.

டிரைவரில் தொடங்குவது

குறைந்த தூரம் அடிக்கும் வெட்ஜ் கிளப்பில் தொடங்குங்கள்.

முன்கையை மறந்துவிடுவது

எல்லாரும் முதுகையும் தோளையும் பார்க்கிறார்கள். புதியவர்கள் கிளப்பை இறுக்கிப் பிடிப்பவர்கள். ரேஞ்சில் (பந்தடித்துப் பழகும் இடம்) பாயின்மேல் அடித்து, அதிர்ச்சி முழுவதையும் மணிக்கட்டிலும் முழங்கையிலும் வாங்குபவர்கள். கோல்ஃபர்ஸ் எல்போ என்று பெயர் வாங்கிய வலி முழங்கையின் உள்பக்கத்தில் வருவது. மணிக்கட்டைச் சுழற்றுவது, விரல்களை மடக்கி விரிப்பது, கிளப்பை ஒரு கையால் நடுவில் பிடித்து முன்கையை மெதுவாக இருபுறமும் திருப்புவது ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரு நிமிடம் ஆகும். கையுறை போடும் முன் செய்துவிடுங்கள்.

ஒரே பக்கம் சுழற்றுவது

மறுபக்கமும் சில மெதுவான ஸ்விங் செய்யுங்கள்.

எடை வளையம்

ஆட்டம் தொடங்கிய பிறகு, கனம் கூட்டும் வளையம் மாட்டிய கிளப்பால் பயிற்சி ஸ்விங் செய்வது கோல்ஃப் விதி 4.3-க்கு எதிரானது. ரேஞ்சிலேயே கழற்றிவிடுங்கள்.

சீக்கிரமே முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பது

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, முன்னால் போன ஃபோர்சம் (நான்கு பேர் குழு) நகரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்ப்பவர்கள் உண்டு. 15, 20 நிமிடம் அசையாமல் இருந்தால் தசையில் ஏறிய சூடு இறங்கிவிடும். உட்காராதீர்கள். நடங்கள், இடுப்பை ஆட்டுங்கள், கடைசி 5 நிமிடத்தில் சில ஸ்விங் போடுங்கள். நடுவில் ஒரு பார்-3 (மூன்று அடியில் முடிக்க வேண்டிய) ஹோலில் கூட்டம் தேங்கி நிற்கும்போதும் இதே கதைதான். அங்கே எழுந்ததும் நேராக முழு வேகத்தில் அடித்து முதுகைப் பிடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வலியை ஸ்ட்ரெச் செய்து சரிசெய்யப் பார்ப்பது

முதுகிலிருந்து வலி காலுக்கு இறங்கினாலோ, பாதம் மரத்துப்போனாலோ அன்று ஆட்டம் வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள்.

தாமதமாக வந்து எல்லாவற்றையும் அவசரமாகச் செய்வது

மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே போட்டியில் டீ டைமுக்கு 5 நிமிடத்துக்குள் தாமதமானால் 2 ஸ்ட்ரோக் அபராதம், அதற்கு மேல் போனால் தகுதி நீக்கம். அந்தப் பதற்றத்தில் ஓடி வருகிறவர் பத்து நிமிட வேலையை ஒரு நிமிடத்தில் திணிக்கப் பார்ப்பார். அவர் கை முதலில் தேடுவது மறுபடியும் அந்த முறுக்கலைத்தான். நேரமில்லாதபோது அதைத்தான் முதலில் விட வேண்டும். பார்க்கிங்கிலிருந்து டீவரை வேகமாக நடந்து வாருங்கள். கால் வீச்சு பக்கத்துக்கு 10, அரை உட்கார்வு 10. ஒரு அயர்னை (உலோகத் தலையுள்ள நடுத்தர தூரக் கிளப்) எடுத்துக் கால்பங்கு ஸ்விங், அரை ஸ்விங், முக்கால் ஸ்விங் என்று ஏற்றிக்கொண்டே போங்கள். முதல் ஹோலில் டிரைவரைத் தொடாமல் 7-ஆம் எண் அயர்னால் ஃபேர்வேயில் (நடுவே வெட்டிய புல்பரப்பு) பந்தை வைத்தால், அதிகபட்சம் ஒரு ஷாட் கூடும். இரண்டாவது ஹோலுக்குள் நடந்த நடையிலேயே உடம்பு தயாராகிவிடும். டிரைவரை அங்கே எடுத்துக்கொள்ளலாம்.